மோர்க்காரி போன வழி

அண்ணாமலை நகருக்குத் திரும்பும் சாலையில் ஒரு பைண்டிங் கடை இருக்கிறது. ஆய்வேடுகளைத் தைத்துக் கொடுக்கும் கடை. இன்று காலை என் முதல் வரைவை எடுத்துக்கொண்டு அங்கே போனேன். கடைக்காரர் ஓரமாக ஸ்டவ்வில் மைதா பசை கிண்டிக்கொண்டிருந்தார். பூச்சி அரிக்காமல் இருக்க ஒரு சிட்டிகை மயில்துத்தம் போட்டார். பசை லேசாக நீலம் பூத்தது.

புளித்த மாவு. கூடவே செம்பு. அந்த வாசனை.

உன் வீட்டு இரும்பு பீரோவைத் திறந்தால் இதுதான் முதலில் வரும். பட்டுப்புடவையும் பாச்சை உருண்டையும் அதற்குப் பிறகுதான்.

"என்னம்மா, தல சுத்துதா? அந்த ஸ்டூல்ல உக்காரு" என்றார் கடைக்காரர். இல்லை என்றேன். உட்கார்ந்தேன்.

உனக்கு எழுத வேண்டும் என்று அங்கேதான் தோன்றியது. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. நலமா என்று கேட்க முடியாது. நான் நலம் என்று சொன்னால் நீ நம்பமாட்டாய். ஒன்று கேட்க வேண்டும், அவ்வளவுதான். நீ பதில் சொல்லப்போவதில்லை. இருந்தும் கேட்பதற்கு உன்னைத் தவிர யாரும் இல்லை.

பீரோவில் இருந்தது அந்தப் பழைய சரித்திர நாவல். புத்தகமாக வாங்கியது அல்ல. உன் அம்மா சிறுமியாக இருந்தபோது அது ஒரு வாரப் பத்திரிகையில் மறுபடியும் தொடராக வந்தது. உன் அம்மாவின் அப்பா வாராவாரம் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, தொடர் முடிந்ததும் பைண்ட் செய்து வைத்தார். சிவப்புக் காலிகோத் துணி ஒட்டிய அட்டை. உள்ளே கதைக்கு நடுவில் ஹேர் ஆயில் விளம்பரம், பாதி துணுக்கு, யாரோ கேட்ட கேள்விக்கு யாரோ சொன்ன பதில். உன் அம்மா கல்யாணமாகி, கடலூர் பக்கத்தில் உங்கள் ஊரான குடிகாட்டுக்கு வந்தபோது அண்டா குண்டானோடு அதுவும் வந்தது.

விடுதிக்கு நீ அதைத் தூக்கிக்கொண்டு வந்தாய். எம்.ஏ. முதல் வருடம். செங்கல் கனம். நம் அறையில் பசை வாசனை.

நான் அந்த நாவலைப் படித்தவள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். பள்ளியில் கட்டுரைப் போட்டிக்குப் பரிசாகக் கொடுத்தார்கள். சுருக்கப் பதிப்பு. அதில் மோர்க்காரியே கிடையாது.

"மோர்க்காரி இல்லாம எப்படிடி அவன் தப்பிச்சான், ஒங்க புக்குல?" என்று கேட்டாய்.

"அவன் ராஜா. தப்பிச்சிடுவான்."

"ஆமா. ராஜாவுக்குச் சிறகு இருக்கும்."

பிறகு அந்த இரண்டு இடங்களையும் காட்டினாய். கோட்டையை இழந்த சிற்றரசன் மாறுவேடத்தில் அலைகிறான். சத்திரத்து வாசலில் ஒருத்தி மோர் விற்கிறாள். அவனிடம் காசு இல்லை. அவள் ஒரு குவளை ஊற்றிக் கொடுக்கிறாள். வேறொரு அத்தியாயத்தில் அவனைத் தேடி குதிரைவீரர்கள் வருகிறார்கள். எந்தப் பக்கம் போனான் என்று கேட்கிறார்கள். அவள் தப்பான பக்கம் கை காட்டுகிறாள். பிறகு பானையைத் தலையில் ஏற்றிக்கொண்டு நடந்துபோகிறாள். அதோடு சரி. அரசன் படை திரட்டுகிறான், காதலிக்கிறான், கோட்டையைப் பிடிக்கிறான். இவள் வரவில்லை. கடைசி அத்தியாயத்தில் அரசன் பெயர் தெரியாத பலருக்காக ஒரு விளக்கு ஏற்றுகிறான். அந்தப் பலரில் இவளும் இருக்கலாம்.

"வீரனுங்க திரும்பி வருவானுங்கல்ல? பொய் சொன்னவள சும்மா வுடுவானுங்களா? இவ எங்க போனா?"

எனக்கு அப்போது அது ஒரு கேள்வியாகவே படவில்லை. கதாசிரியருக்கு அவள் தேவைப்படவில்லை, விட்டுவிட்டார் என்றேன். உனக்குக் கோபம் வந்தது.

"அவருக்குத் தேவைப்படல. அதுக்காக அவ எங்கியும் போவாம அப்படியே நிப்பாளா?"

அப்படித்தான் ஆரம்பித்தோம். செல்போனில் கதை போடும் ஒரு செயலியில். நம் இருவருக்கும் ஒரே புனைபெயர், மூன்றாம் வரிசை. பெயர் நீ வைத்தது. மேடையில் அரசனுக்குப் பின்னால் மந்திரி, மந்திரிக்குப் பின்னால் ஈட்டி பிடித்து நிற்பவர்கள். நாம் அவர்களுடைய ஆள் என்றாய்.

ஒரு விதி வைத்தாய். மூலத்தில் இருக்கும் ஒரு வரியைக்கூட மீறக்கூடாது. அவர் சொன்னதெல்லாம் நடந்தது. அவர் சொல்லாமல் விட்ட இடம் மட்டும்தான் நமக்கு. அவர் அவளுக்குப் பெயர் வைக்கவில்லை, நாமும் வைக்கவில்லை. அவள் இடது கையால் வழி காட்டினாள் என்று எழுதியிருந்தார். அதனால் நம் கதையில் அவள் கடைசிவரை இடதுகைக்காரி. நான் ஒருமுறை அவளுக்கு மூக்குத்தி போட்டேன். "மூலத்துல எங்க இருக்கு மூக்குத்தி? காட்டு" என்று கழற்ற வைத்தாய். இல்லை என்றும் எழுதவில்லையே என்றேன். "மூஞ்சியப் பத்தி மூணு வரி எழுதியிருக்காரு. மூக்குத்தி இருந்திருந்தா வுட்டிருக்க மாட்டாரு. அவரு நகைக்கு அலையற ஆளு."

படிப்பு முடிந்தது. நான் ஆராய்ச்சி என்று சிதம்பரத்திலேயே தங்கினேன். நீ குடிகாட்டுக்குத் திரும்பிப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தாய். குரூப் தேர்வுக்குப் படித்தாய். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் கடலூர் பஸ்ஸில் ஏறி வருவேன். சிப்காட் ரசாயன ஆலைகள் நெருங்கும்போது பஸ்ஸில் இருப்பவர்கள் ஜன்னல் கண்ணாடியை இழுப்பார்கள். நான் இறங்குவதற்காக எழுந்து நிற்பேன். இந்த நாத்தத்தில் எப்படி இருக்கிறாய் என்று முதல் தடவை கேட்டேன். "எந்த நாத்தம்?" என்றாய். கிண்டல் செய்கிறாயா, உண்மையாகவே தெரியவில்லையா என்று எனக்கு விளங்கவில்லை. உன் விஷயத்தில் நிறைய விளங்கவில்லை. நீ இருந்தபோது அதை ஒரு குறையாக நினைக்கவில்லை.

நமக்கு வாசகர்கள் வந்தார்கள். பெரிய கூட்டம் இல்லை. வந்தவர்கள் போகவில்லை. ஒருவர் ஒவ்வொரு பகுதிக்கும் கீழே "ராஜா எப்ப வருவார் அக்கா?" என்று கேட்பார். நீ ஒவ்வொரு தடவையும் பொறுமையாக "வரமாட்டார் தம்பி" என்று பதில் போடுவாய்.

நான் கேட்க வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

ஐந்தாவது பகுதியோ ஆறாவது பகுதியோ. அதுவரை அவள் சத்திரத்தை விட்டுக் கிளம்பியதைச் சொல்லியிருந்தோம். இனி அவள் ஒரு புது ஊருக்கு வர வேண்டும். நான் நடந்து வரட்டும் என்றேன். நீ ஆற்றங்கரை மணலில் நனைந்து கிடக்கட்டும் என்றாய்.

"எதுக்கு நனையணும்?"

"சும்மாதான்."

"ஆத்துல விழுந்தாளா? எப்ப விழுந்தா? அத நாம எழுதலியே."

"எழுத வேணாம். எந்திரிக்கிறதுலேருந்து ஆரம்பிப்போம். எப்படி வந்தோம்னு அவளுக்கே தெரியல."

"படிக்கறவங்க கேப்பாங்கடி."

"கேக்கட்டும். நனைஞ்சிருந்தா நல்லாருக்கும்."

காரணம் சொல்லாமல் நீ எதையும் வைக்கிறவள் இல்லை. ஒரு மூக்குத்திக்கு ஆதாரம் கேட்டவள். அன்று மட்டும் நல்லாருக்கும் என்றாய், அவ்வளவுதான். உன் அம்மா காரப்பொடி மீன் வறுத்துக்கொண்டிருந்தார். எனக்குப் பசி. சரி என்று விட்டுவிட்டேன்.

கதை முடிந்து சில மாதங்கள் கழித்து மஞ்சக்குப்பத்தில் சிறிய பதிப்பகம் வைத்திருப்பவர் ஒருவர் எழுதினார். செயலியில் படித்ததாகவும் புத்தகமாகப் போட விரும்புவதாகவும். மூல நாவலுக்கு இப்போது உரிமைச் சிக்கல் எதுவும் இல்லை என்றும். நான் தயங்கினேன். இன்னொருவர் வீட்டில் குடியிருந்துகொண்டு வாசலில் நம் பெயரை எழுதி மாட்டுகிற மாதிரி இருந்தது. நீ தயங்கவில்லை. "வரட்டும்டி. செல்லுல அம்மாவால படிக்க முடியல. கையில குடுக்கணும்."

பிறகு உனக்குக் காய்ச்சல். நிலவேம்புக் கஷாயம் குடிக்கிறேன், வாயெல்லாம் கசப்பு என்று செய்தி அனுப்பினாய். மோர் குடி என்று பதில் போட்டேன். சிரிக்கும் முகம் ஒன்று வந்தது. அதற்குப் பிறகு உன் எண்ணிலிருந்து பேசியது உன் அப்பா.

அதை எழுதப்போவதில்லை.

பதிப்பாளர் காத்திருந்தார். நல்ல மனிதர். சில மாதம் கழித்து அவரே கேட்டார், நான் சரி என்றேன். மெய்ப்பு வந்தது. நான் திருத்தி அனுப்பினேன். ஒருநாள் மத்தியானம் போன் வந்தது.

"மேடம், ஒரு சின்ன டவுட்டு. பின்னட்டைக்கு நாலு வரி எழுதலாம்னு மூலத்த எடுத்துப் பொரட்டினேன். அதுல இந்தம்மா செத்துடுறாங்களே?"

"எந்தம்மா?"

"நம்ம மோர்க்காரியம்மாதான்."

இருக்காது என்றேன். வரிவரியாகப் பார்த்து எழுதியது என்றேன். அவர் பக்க எண் சொன்னார்.

பல்கலைக்கழக நூலகத்துக்குப் போனேன். அடுக்குகளுக்கு நடுவில் நின்றுகொண்டே படித்தேன். நீயும் நானும் பார்த்தே இராத ஒரு அத்தியாயம். வீரர்கள் ஏமாந்து திரும்பி வருகிறார்கள். அவள் ஓடுகிறாள். ஆற்றில் வெள்ளம். குதிக்கிறாள். பானை மட்டும் மிதந்து போகிறது. நான்கே வரி. அடுத்த பத்தியில் நிலா வந்துவிடுகிறது, அரசகுமாரி உப்பரிகைக்கு வந்துவிடுகிறாள்.

ஆற்றில் குதித்தாள்.

நீ அவளை மணலில் நனைந்து கிடக்க வைத்தாய்.

கையில் புத்தகத்தோடு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. ஒருவர் வந்து வழி கேட்டார். ஒதுங்கினேன்.

முதலில் வந்தது வெட்கம். இத்தனை வாசகர்களில் ஒருவர்கூடச் சொல்லவில்லை என்பது பிறகுதான் உறைத்தது. யாருக்கும் நினைவில்லை. அவள் செத்ததை யாரும் கவனிக்கவில்லை. நாம் எழுத ஆரம்பித்ததே அதற்காகத்தானே. அப்படிப் பார்த்தால் நாம் சரியான ஆளைத்தான் பிடித்திருக்கிறோம். அப்படிப் பார்க்காவிட்டால், செத்துப்போனவளுக்கு ஒரு புத்தகம் நிறைய வாழ்க்கை எழுதிவைத்திருக்கிறோம், அவள் செத்தது தெரியாமல்.

அல்லது எனக்கு மட்டும் தெரியாமல்.

நீ தெரிந்து எழுதினாய் என்றால் அது உன் முடிவு. உன் விதியை நீயே உடைத்தாய். ஏதோ ஒரு காரணம் இருந்தது. அப்படியானால் ஒரு எழுத்தைக்கூட நான் தொடக்கூடாது. தெரியாமல் எழுதினாய் என்றால் இது பிழை. நீ இருந்தால் அன்றைக்கே மெய்ப்பைத் திரும்ப வாங்கியிருப்பாய். மூலத்தை மீறிய புத்தகத்தில் உன் பெயர் வர விடமாட்டாய். இரண்டும் நீதான். எந்த நீ என்று தெரிந்தால்தான் பதிப்பாளரிடம் நான் ஏதாவது சொல்ல முடியும்.

அவரிடம் யோசனைகள் இருந்தன. "கனவுன்னு போட்டுடலாம் மேடம்." வேண்டாம் என்றேன். "அப்ப இது வேற மோர்க்காரி. அந்தம்மாவோட தங்கச்சி. ஒரு வரி சேத்தா போதும்." நீ கேட்டிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். எனக்கும் சிரிப்பு வந்தது. போனை வைத்த பிறகு சிரித்தேன்.

நம் குரல் பதிவுகள் எல்லாம் என் போனில் இருக்கின்றன. கேட்டேன். பஸ் வரவில்லை என்கிறாய். டியூஷன் பையன் ஒருவன் வாய்ப்பாட்டைப் பாட்டாகப் பாடுகிறான் என்கிறாய். உங்கள் தெருவில் மாமா ஒருவர் புது வண்டி வாங்கி நேராகப் பாலத்தில் மோதியதைச் சொல்கிறாய். மோர்க்காரியைப் பற்றி எவ்வளவோ. இதைப் பற்றி எதுவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை குடிகாட்டுக்குப் போனேன். நீ போன பிறகு நான் போனது அது இரண்டாவது தடவை. உன் அப்பா ஷிப்டுக்குப் போயிருந்தார். அம்மா கதவைத் திறந்தார்.

"வா பாப்பா. சாப்டியா?"

சாப்பிட்டேன் என்றேன். நம்பவில்லை. தட்டு வந்தது.

பீரோவைத் திறந்து தரச் சொன்னேன். புத்தகத்தை மடியில் வைத்துப் பிரித்தேன். அவள் பானையோடு நடந்துபோகும் பக்கம். அதற்கு அடுத்த பக்கத்தில் நேராகப் படை திரட்டல். அத்தியாயங்களுக்கு எண் இல்லை, தலைப்பு மட்டும்தான். கிழித்த தடம் எதுவும் இல்லை. தையல் சீராகப் போகிறது.

"இங்க ஒரு வாரம் இல்லம்மா" என்றேன்.

அம்மா எட்டிப் பார்த்தார். "ஆமா. அது தீபாவளி வாரம்."

"தீபாவளி வாரமா?"

"தீபாவளிக்குப் புக்கு பெருசா போடுவான். வழவழன்னு, கலர் படமெல்லாம் போட்டு. மத்ததோட சேத்து வச்சா வெளிய நீட்டிக்கும். பைண்டு பண்றவரு இது அளவுக்கு வராது, வெட்டுனா எழுத்து போயிடும்னுட்டாரு. எங்கப்பா அத மட்டும் தனியா வச்சிருந்தாரு. கலர் படத்துக்காவ எங்க ஆளுங்க ஆளுக்கொரு பக்கமா பிச்சிகினு போயிட்டாங்க."

ஒரு பத்திரிகை தீபாவளிக்குப் பெரிய அளவில் வந்தது. ஒரு பைண்டர் அதை வெட்ட மனம் வராமல் விட்டார். அதனால் ஒருத்தி இத்தனை வருடம் உங்கள் வீட்டு பீரோவில் உயிரோடு இருந்தாள்.

"அந்த வாரம் என்ன நடந்துச்சுன்னு ஞாபகம் இருக்காம்மா?"

"மோர்க்காரி செத்துப்போவாளே. ஆத்துல வுழுந்து." உடனே சொன்னார். "நான் அழுதேன். பட்டாசு வெடிக்கக்கூட போவல. எங்கண்ணன் கிண்டல் பண்ணான், மோருக்கு அழுவறா பாருன்னு."

ஒருவருக்கு நினைவிருந்தது. அது உன் அம்மா.

தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டேன். "இத அவகிட்ட சொல்லியிருக்கீங்களாம்மா?"

"எத?"

"மோர்க்காரி செத்துட்டான்னு."

அம்மா யோசித்தார். மின்விசிறி சத்தம். வெளியே தண்ணீர் லாரி வந்து நின்றது. பக்கத்து வீட்டிலிருந்து யாரோ "எக்கா, கொடத்த எடுத்தா" என்று கத்தினார்கள். அம்மா எழவில்லை.

"சொல்லியிருப்பேன்" என்றார். "சின்னதுல ராவுல கத கேப்பா. சோறு ஊட்டும்போது கேப்பா. எல்லாக் கதையும் சொல்லுவேன்." கொஞ்ச நேரம் கழித்து, "இல்ல. சொல்லியிருக்க மாட்டேன். சின்னப்புள்ளைக்கிட்ட சாவுற கதய ஏன் சொல்லப்போறேன்? மாத்திச் சொல்லியிருப்பேன், பொழச்சிக்கினான்னு." பிறகு, "தெரியல பாப்பா. என்ன சொன்னேன்னு இப்ப யாரு கண்டா."

மாற்றிச் சொல்லியிருப்பேன்.

அதை நான் எதிர்பார்க்கவில்லை. நீ தெரிந்து எழுதினாயா, தெரியாமல் எழுதினாயா என்று இரண்டு வழிகளோடு வந்தவள் நான். மூன்றாவதாக ஒன்று திறந்தது. சோறு ஊட்டும் நேரத்தில் அம்மா ஒருத்தியை ஆற்றிலிருந்து கரையேற்றியிருக்கலாம். நீ அதைக் கேட்டு மறந்திருக்கலாம். மறந்தது உன் விரலில் இருந்திருக்கலாம். ஏன் நனைந்திருந்தாள் என்று அன்று கேட்டேனே, உனக்கே தெரியாமல்தான் சும்மா என்றாயோ.

இருக்கலாம், இருக்கலாம். என் ஆய்வு நெறியாளர் இந்தச் சொல்லைக் கண்டாலே சிவப்பில் வட்டம் போடுவார்.

"நீங்க என்ன எழுதனீங்க?" என்று அம்மா கேட்டார். "உங்க கதையிலயும் செத்துட்டாளா?"

"இல்லம்மா. நல்லாருக்கா. வேற ஊருல மோர் விக்கிறா."

அம்மா தலையை ஆட்டினார். குடத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

திரும்பும் பஸ்ஸில் பதிப்பாளரைக் கூப்பிட்டேன். அப்படியே போடுங்கள் என்றேன். கனவு வேண்டாம், தங்கச்சி வேண்டாம்.

"முன்னுரைல ஏதாச்சும் சொல்லிடலாமா மேடம்? விமர்சனம் பண்றவங்க புடிச்சிக்குவாங்க. தெரிஞ்சேதான் மாத்தினோம்னு ஒரு வார்த்த."

"தெரிஞ்சு மாத்தினோமான்னு எனக்குத் தெரியாது சார்."

"அப்ப தெரியாம நடந்துடுச்சுன்னு போட்டுடலாம். வாசகர்கள் பெரிய மனசு பண்ணிடுவாங்க."

"அதுவும் எனக்குத் தெரியாது."

"ரெண்டு பேரு எழுதின புக்குங்க. ஒருத்தருக்குத் தெரியாது, இன்னொருத்தரக் கேக்க முடியாது. சரி. முன்னுரையே இல்லாம வுட்டுடறேன்."

அவர் அளவுக்கு என்னால் இதைச் சுருக்கமாகச் சொல்ல முடிந்திருக்காது. நான் செய்தது சரியா என்று இன்றும் தெரியவில்லை. உன் விதிப்படி தப்பு. உன் விதியை உன்னைவிட நான் கடுமையாகக் காப்பாற்ற வேண்டுமா என்றும் தெரியவில்லை. ஒன்று மட்டும் செய்ய முடியவில்லை. அவளை மறுபடி ஆற்றில் தள்ளிவிட என் கை வரவில்லை. அதற்குப் பெயர் முடிவு என்றால் முடிவு.

போன மாதம் புத்தகம் வந்தது. மெல்லியது. அட்டையில் ஒரு பானை, அதைச் சுமக்கும் தலை இல்லாமல். மூன்றாம் வரிசை என்று மேலே. உள்ளே சின்ன எழுத்தில் நம் இரண்டு பெயர்களும். உன் பெயருக்குப் பக்கத்தில் எதுவும் போட வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். போடவில்லை.

முதல் பிரதியை எடுத்துக்கொண்டு குடிகாட்டுக்குப் போனேன். அம்மா கையைப் புடவையில் துடைத்துவிட்டு வாங்கினார். உன் பெயர் இருக்கும் பக்கத்தைப் பார்த்தார். தடவவில்லை, அழவில்லை. கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"எது அவ எழுதனது?" என்றார்.

"அம்மா?"

"ரெண்டு பேரும் எழுதனீங்கல்ல. அவளுது எதுன்னு காட்டு. அத மொதல்ல படிக்கறேன். அப்பறம் உன்னுத படிக்கறேன், கோச்சுக்காத."

வாங்கிப் புரட்டினேன். உடனே காட்டிவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

நாம் எழுதியது எப்படி என்று அம்மா பார்த்ததில்லை. அடுப்படியில் இருப்பார். ஒரே போன். ஒருத்தி சொல்ல, ஒருத்தி தட்டுவாள். சொல்கிறவள் வாக்கியத்தின் பாதியில் நிற்பாள். தட்டுகிறவள் மீதியைச் சொல்லிக்கொண்டே தட்டுவாள். கட்டைவிரல் வலித்தால் போன் கை மாறும். சண்டை போட்டு ஒரு சொல்லை எடுப்போம், அடுத்த வாரம் எடுத்தவளே அதைத் திரும்பப் போடுவாள். நனைந்த மணல் உன்னுடையது, தெரியும். ஆனால் அந்தப் பக்கத்தில் அதற்கு அடுத்த வரி? அதற்கு அடுத்தது?

பக்கம் பக்கமாகத் திருப்பினேன். அம்மா காத்திருந்தார். ஒவ்வொரு வாக்கியமும் உன்னுடையது மாதிரி இருந்தது. கொஞ்சம் உற்றுப் பார்த்தால் என்னுடையது மாதிரி இருந்தது.

ஒரு பத்தியைக் காட்டினேன். "இதும்மா" என்றேன்.

அம்மா புத்தகத்தை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். நின்றுகொண்டே, வாய்விட்டுப் படித்தார். எழுத்துக்கூட்டி இல்லை, நன்றாகவே படிப்பார். மெதுவாக.

"புது ஊரில் அவளிடம் யாரும் மோர் வாங்கவில்லை. வெயில் ஏறியது. பொழுது சாய்ந்தது. அவள் தனக்கே ஒரு குவளை ஊற்றிக்கொண்டு, விருந்தாளியைப்போல இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தாள்."

அம்மா அங்கேயே நிறுத்தினார். மறுபடி ஒருமுறை வாய்க்குள்ளேயே படித்தார்.

"அவதான்" என்றார். "அவளேதான். மிச்சம் மீதிய வீணாக்கவே மாட்டா. பேசற மாதிரியே இருக்கு பாரு."

ஆமாம்மா என்றேன்.

அந்தப் பத்தியை யார் எழுதியது என்று எனக்குத் தெரியாது. நீ தேர்வு எழுதப் போயிருந்த வாரம் நான் தனியாக உட்கார்ந்து எழுதியது என்று ஒரு ஞாபகம். போனில் நீ சொல்லச் சொல்ல எழுதியது என்று இன்னொரு ஞாபகம். இரண்டும் தெளிவாக இருக்கின்றன. ஒன்றில் மழை பெய்கிறது, இன்னொன்றில் இல்லை. என்னுடையது என்றால் அதை அன்று உனக்குக் கொடுத்துவிட்டேன். உன்னுடையது என்றால் சரியாகத்தான் காட்டியிருக்கிறேன். அம்மாவிடம் பொய் சொன்னேனா என்பதுகூட எனக்குத் தெரியவில்லை.

இப்போது ஆய்வேடு எழுதும்போதும் வாக்கியத்தின் பாதியில் நின்றுவிடுகிறேன். வேண்டுமென்று இல்லை. கை தானாக நிற்கிறது, மீதியை நீ சொல்வாய் என்று. கொஞ்ச நேரம் பார்க்கிறேன். பிறகு முடித்துவிடுகிறேன். முடித்ததைப் படித்துப் பார்த்தால், அது நான்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.